முதல் மூச்சு

“இன்னிக்கும் பொத்தானை விட்டுட்டாங்க டாக்டர்.”

டெக்னீஷியன் இன்டர்காமில் சொன்னதும், மறுமுனையில் டாக்டர் அலுத்துக்கொண்டார். கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் அந்த அம்மாவுக்குப் ‘பொத்தான்காரம்மா’ என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

அவருக்கு இடது மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, இப்போது கதிர்வீச்சு. இடது மார்பு என்றால் பின்னாலேயே இதயம். மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தால் இதயம் கொஞ்சம் விலகிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்துக் கதிரைப் பாய்ச்சினால் அதற்குச் சேதமில்லை.

அதற்காக வந்ததுதான் இந்தப் புது மெஷின். படுத்திருப்பவரின் மூச்சு, அவர் கண்ணெதிரே திரையில் ஒரு கோடாக ஏறும். பச்சைப் பட்டையைத் தொட்டதும் கையிலிருக்கும் பொத்தானை அவரே அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்திருக்கும் வரைதான் கதிர். விட்டால் அந்த நொடியே நின்றுவிடும்.

டெக்னீஷியனுக்கு இதில் தனிப் பெருமை. “இந்த ரூம்ல நீங்கதான் முதலாளி, நாங்கல்லாம் உங்க வேலையாட்கள்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். பாதிப் பயம் அந்தச் சிரிப்பிலேயே போய்விடும்.

பொத்தான்காரம்மாவும் சிரித்தவர்தான். ஒத்திகையில் அவர் மூச்சுப் பிடித்ததைப் பார்த்து, நீச்சல் தெரியுமா என்று கேட்கத் தோன்றியது. ஆனால் சிகிச்சை ஆரம்பித்த நாளிலிருந்து தினமும் ஒரே கூத்து. முதல் மூச்சில் அழுத்துவார். கதிர் கிளம்பும். சட்டென்று விட்டுவிடுவார். எல்லாவற்றையும் சரிபார்த்து மறுபடி தொடங்க வேண்டும். அதற்கப்புறம் ஒரு பிசகு இருக்காது.

வெளியே காத்திருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்தார்கள். அவர்களுடைய பரிதாபமெல்லாம் கணவர் மேல்தான்.

கணவர் தங்கமான மனிதர். தினமும் கூடவே வருவார். டெக்னீஷியன் எதைக் கேட்டாலும் பதில் அவரிடமிருந்துதான் வரும். தோல் எரிகிறதா என்றால், இல்லவே இல்லை என்பார். சாப்பாடு எப்படி என்றால், பிரமாதம் என்பார். உடம்பு எப்படி இருக்கிறதென்று நோயாளியே தினமும் பதிவு செய்ய ஆஸ்பத்திரி ஒரு செயலி கொடுத்திருந்தது. அதையும் அவரே தன் போனில் தட்டிவிடுவார். மனைவி பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டெக்னீஷியனுக்கும் இது வசதியாக இருந்தது. அவரிடம் கேட்டால் வேலை மளமளவென்று முடியும்.

பொத்தான் விஷயத்துக்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது.

“சரியான பயந்தாங்கொள்ளிங்க அவ. வீட்டுல மிக்ஸி போடக்கூட என்னைக் கேப்பா. பேசாம அந்தப் பொத்தானை வெளியில என் கையில குடுத்துடுங்க. நான் பாத்துக்கறேன்.”

“மூச்சு அவங்களோடது சார்” என்றாள் டெக்னீஷியன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

டாக்டர் பொறுமை இழந்திருந்தார். நாளைக்கும் இதே கதை என்றால் மூச்சுப் பிடிக்கிற முறையே வேண்டாம், பழையபடி சாதாரணமாகவே கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். இதயத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டாள். கொஞ்சம் கூடுதலாகத்தான் படும், வேறு வழி என்ன என்றார். டெக்னீஷியனுக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை. இத்தனை நல்ல மூச்சை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி இதயத்தைப் பணயம் வைப்பதா?

மறுநாள் பொத்தான்காரம்மா உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அம்மா, முதல் தடவை மூச்சு முட்டுதா?”

“இல்லையே.”

“அப்போ பயமா?”

“இருக்கும். பொத்தானை விட்டதும் போயிடும்.”

டெக்னீஷியனுக்குப் புரியவில்லை.

“நான் விட்டா நிக்கும்னு நீ சொன்னேல்ல? நெஜமாவே நிக்குதான்னு ஒரு தடவை விட்டுப் பாத்துக்குவேன். நின்னுடும். அப்புறம் நீ எவ்வளவு நேரம் சொன்னாலும் பிடிப்பேன்.”

“அதான் மொத நாளே நின்னுச்சேம்மா. தினமுமா பாக்கணும்?”

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். குரலில் குறையும் இல்லை, கோபமும் இல்லை.

“கல்யாணமான நாள்லேருந்து நான் நிறுத்துன்னு சொல்லி எதுவும் நின்னதில்லம்மா. ஒரு மெஷின் ஒரு நாள் கேட்டுடுச்சுன்னு உடனே நம்பிட முடியுமா?”

டெக்னீஷியன் எழுந்துபோய் இன்டர்காமில் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இனி தினமும் கதிர் இல்லாமலே ஒரு தடவை பொத்தானை அழுத்தி விட்டுப் பார்க்கட்டும், அது நிற்பதைத் திரையில் காட்டுகிறேன், பிறகு சிகிச்சையைத் தொடங்கலாம் என்றாள். டாக்டர் உடனே சம்மதித்தார்.

அன்றைக்கு அப்படியே செய்தார்கள். சும்மா அழுத்தினார், விட்டார், நின்றது. அதற்குப் பிறகு முதல் மூச்சிலிருந்து கடைசி மூச்சு வரை கோடு பச்சையை விட்டு இம்மிகூட நகரவில்லை.

மேஜையிலிருந்து அவரைக் கைபிடித்து இறக்கிவிடும்போது டெக்னீஷியனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“இவ்வளவுதான் விஷயம்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. எத்தனை தடவை கேட்டேன்?”

பொத்தான்காரம்மா செருப்பை மாட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

“அவர்கிட்டதானேம்மா கேட்ட.”