அந்த எண்ணின் பேர்

“ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸை இன்டர்நெட் கம்பெனிக்காரங்களே பார்த்துக்கட்டும். நமக்குத் தலைவலி மிச்சம்,” என்றார் மேலாளர் அம்மா.

“வேண்டாம் மேடம், நாமே வச்சுக்கலாம்,” என்றார் நெட்வொர்க் இன்ஜினியர்.

“நம்பரைக் கொடுத்தா, அது எந்தக் கம்ப்யூட்டர்னு பேர் சொல்லணும். அதை யார் சொன்னா என்ன?”

“நாம வச்ச பழைய பேரையெல்லாம் அவங்க தூக்கிடுவாங்க.”

மேலாளர் ஒரு எண்ணைத் தட்டினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் உட்கார்ந்த கம்ப்யூட்டரின் எண் அது. அந்தக் கம்ப்யூட்டர் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. பேர் மட்டும் திரையில் வந்தது: ‘சிடுமூஞ்சி’.

இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். “அப்போ எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுவீங்க...”

“சேர்ந்த வாரமே பார்த்துட்டேன்.”

“அப்புறம் ஏன் மாத்தச் சொல்லலை?”

“மத்தவங்க முதுகுக்குப் பின்னால சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் ஊருக்கே தெரியற மாதிரி எழுதி வச்சீங்க. யார்டா இந்த ஆளுன்னு அன்னிக்குத்தான் திரும்பிப் பார்த்தேன்.”

மேலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டரை அணைத்தார்.

“சரி, நாமே வச்சுக்கலாம். கிளம்புங்க, நம்ம பொண்ணு சாவி இல்லாம வீட்டு வாசல்ல நிக்கிறா.”