படிவத்தில் மாமியார்

ஜூலைக் கடைசியில் வந்த மூன்றாவது பட்டியலிலும் எவான்ட்ரோவின் பெயர் இல்லை.

மே மாதத்திலிருந்து இதே கதைதான். கூடுதலாகப் பிடித்த வருமான வரியைத் திருப்பித் தரும் பட்டியல் மாதக் கடைசியில் வெளியாகும். விடிந்ததும் போனில் எண்ணைத் தட்டிப் பார்ப்பான். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வரும். அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேச மாட்டான்.

சொரொகாபா நகரில் ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர் வேலை அவனுக்கு. கல்யாணமாகி இருபது வருஷம் ஆகிறதே என்று, இந்தப் பணத்தை நம்பி மனைவி சிமோனேயை உபாட்டுபா கடற்கரைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டான். விடுதிக்கு முன்பணமும் கட்டியாயிற்று. மீதியை ஆகஸ்ட் இருபதுக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் முன்பணமும் போச்சு.

பொறுமை இழந்து வரி அலுவலகத்துக்கே போனான். மூன்று மணி நேரம் வரிசை. முன்னால் நின்றவர், பின்னால் நின்றவர் எல்லாரிடமும் அரசாங்கத்தைத் திட்டித் தீர்த்தான். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த இளம் அதிகாரி தெபோரா நிதானமாகச் சொன்னாள். அவன் இந்த வருஷம்தான் முதல் தடவையாக, தன் பராமரிப்பில் இருப்பவர் என்று மாமியார் டோனா நெய்டேயின் பெயரைப் படிவத்தில் எழுதியிருக்கிறான். அதே அம்மாளின் பெயர் வேறு படிவத்திலும் இருக்கிறது. அதனால் கணினிச் சோதனை என்ற சல்லடையில் அவன் படிவம் நின்றுவிட்டது.

அது யாருடைய படிவம் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல விதியில் இடமில்லையாம்.

வீட்டுக்கு வரும் வழியில் எவான்ட்ரோவுக்குப் பொறி தட்டியது. வேறு யார்? சகலை ஜில்மார்தான். சிமோனேயின் தங்கையைக் கட்டியவன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன்.

போன் போட்டான். ஜில்மாரும் மே மாதத்திலிருந்து பணத்துக்குக் காத்துக்கொண்டிருந்தான். ‘மாமியார் பேரைச் சேர்த்தால் கொஞ்சம் கூடுதலாக வரும்’ என்று ஒரே கணக்கர்தான் இரண்டு பேருக்கும் தனித்தனியாக யோசனை சொல்லியிருக்கிறார்.

பெயரை எடுக்க இருவருக்கும் மனசில்லை. என் வீட்டுப் பின்கட்டில்தானே அவர் இருக்கிறார் என்றான் எவான்ட்ரோ. டாக்டரிடம் கூட்டிப் போவது என் வேன்தானே என்றான் ஜில்மார். கடைசியில் ஒருவரை ஒருவர் திருடன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்கள்.

அன்றிலிருந்து டோனா நெய்டேக்கு நல்ல காலம் பிறந்தது.

எவான்ட்ரோ அவருக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்தினான். ஜில்மார் ரத்த அழுத்த மாத்திரை வாங்கிவந்து, மாத்திரை, ரசீது, மாமியார் மூன்றையும் சேர்த்துப் போட்டோ எடுத்தான். ஒரு ஞாயிறு எவான்ட்ரோ இறைச்சி சுட்டு முதல் துண்டை அவர் தட்டில் வைத்தான். அடுத்த ஞாயிறு ஜில்மார் வேனில் ஏற்றிக்கொண்டு போய் மீன் வாங்கிக் கொடுத்தான்.

அவர் எதுவும் கேட்கவில்லை. கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டார். மகளிடம் மட்டும் ஒரு நாள் மெதுவாகக் கேட்டார்.

“உன் புருஷன் காலையில எனக்குக் காபி போட்டுக் குடுத்தார்டி. என் உடம்பைப் பத்தி டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரா?”

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி அந்த அம்மாளையும் அழைத்துக்கொண்டு வரும்படி வரி அலுவலகத்திலிருந்து இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் கடிதம் வந்தது. அன்று ஆளுக்கொரு கையைப் பிடித்து அழைத்துப் போய், தெபோராவின் எதிரே உட்காரவைத்தார்கள்.

“அம்மா, நீங்க எந்த மாப்பிள்ளை வீட்ல இருக்கீங்க?” என்று கேட்டாள் தெபோரா.

“யார் வீட்லயும் இல்ல கண்ணு. இவர்தான் என் வீட்ல இருக்கார். பத்து வருஷமாச்சு. நான் வாடகை கேட்டதில்ல.”

“அப்ப, அவர்?”

“அவர் வேனுக்குத் தவணை நான்தான் கட்டறேன். இன்னும் பதினாலு மாசம் இருக்கு.”

எவான்ட்ரோ தரையைப் பார்த்தான். ஜில்மார் மின்விசிறியைப் பார்த்தான்.

தெபோரா கணினியைத் தட்டிவிட்டுச் சொன்னாள், இந்தப் பெயரில் இருப்பது இரண்டு படிவமல்ல, மூன்று என்று. மூன்றாவது டோனா நெய்டேயே போட்டது. பென்ஷனையும், பிறந்தநாள் விழாக்களுக்குக் கோழிக்கறி அடைத்த கொஷின்யா பொரித்துக் கொடுத்துச் சம்பாதிப்பதையும் ஒழுங்காகக் காட்டியிருந்தார். வயதானவர்களுக்கு முன்னுரிமை என்பதால் அவருக்குச் சேரவேண்டியது மே மாதமே வந்துவிட்டது.

“எங்ககிட்ட சொல்லவே இல்லையே அத்தை” என்றான் எவான்ட்ரோ.

“என் பேரை எழுதறப்ப நீங்க எங்கிட்ட சொன்னீங்களா மாப்ள?”

பெயரை நீக்கிவிட்டு இருவரும் புதிதாகப் படிவம் போட வேண்டும், பணம் வர டிசம்பர் ஆகலாம் என்றாள் தெபோரா. எவான்ட்ரோவின் முகம் செத்துப்போனது. விடுதிக் கெடுவுக்கு இன்னும் இரண்டே நாள்.

டோனா நெய்டே அவன் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“விடுதிக்கு மீதியை நேத்தே கட்டிட்டேன். எம் பொண்ணைக் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க.”

கேட்காமல் பெயரைப் பயன்படுத்தியதற்கு இவர்கள்மேல் புகார் ஏதும் கொடுக்கிறீர்களா என்று கேட்டாள் தெபோரா.

“புகாரெல்லாம் இல்ல கண்ணு. ஒரு சந்தேகம்தான்” என்று ஜன்னல் பக்கம் குனிந்தார் அவர். “என் பராமரிப்புல இருக்கறவங்கன்னு அடுத்த வருஷம் என் படிவத்துல இவங்க ரெண்டு பேர் பேரையும் எழுதலாமா?”