பொலிகாளை உரசும் தண்டவாளம்

நெவாடாவின் சாம்பல்நிறப் புதர்க்காட்டில் வெயில் சாய்கிறது. அந்தக்காலத்துக் குடியேறிகளின் வண்டித்தடத்தைக் காட்ட, பழைய தடங்களுக்கு அடையாளமிடும் தொண்டர் வெல்டா நட்ட மரக்கம்பத்தைப் பொலிகாளை உரசி உரசி இரண்டுமுறை சாய்த்துவிட்டது. போன வாரம் பழைய தண்டவாளத் துண்டு ஒன்றைக் கான்கிரீட்டில் இறக்கியிருக்கிறாள். "இதுவும் சாஞ்சா இனிமே என் நெலத்துல எதையும் நடக்கூடாது, பாத்துக்க," என்கிறார் நிலத்துக்காரர் ஆர்வில். "ஒங்க மாட்ட வரச்சொல்லுங்க, பாத்துருவோம்," என்று கையுறையைக் கழற்றுகிறாள் வெல்டா. காளை வருகிறது. தோளைச் சாய்த்து முழுப் பாரத்தோடும் தேய்க்கிறது. ரோமமும் புழுதியும் உதிர்கின்றன, இரும்பு அசையவில்லை. சுகத்தில் காளைக்குக் கண் சொருகுகிறது. அது நகர்ந்ததும் ஆர்வில் தன் பங்குக்குப் பலங்கொண்டமட்டும் ஓர் உதை விட்டுப் பார்க்கிறார். காலைத் தேய்த்துக்கொண்டே சொல்கிறார்: "அந்த மேட்டுலயும் தடம் போவுதுல்ல, அங்க ஒண்ணு நடு. பசுவெல்லாம் சொறிய எடமில்லாம திரியுதுங்க."