குதிரையின் நிலம்

கத்தியை எடுத்தான். வைத்துவிட்டான்.

வரப்போரம் கிடந்தது குதிரை. விடியும்போதே மூச்சு அடங்கிவிட்டது. ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது.

தொடையில் நாயக்கரின் முத்திரை. அரண்மனை குதிரையை அவனிடம் ஒப்படைத்த அன்று காய்ச்சிப் போட்ட சூடு.

அந்தத் தோலை அறுத்துக் கோட்டையில் காட்ட வேண்டும். காட்டினால், குதிரை செத்தது நிஜம் என்று நம்புவார்கள். வேறு குதிரை கிடைக்கும். நிலமும் நிலைக்கும்.

காட்டாவிட்டால், விற்றுத் தின்றுவிட்டான் என்பார்கள்.

அழுது காட்டினால் அரண்மனை நம்புமா? தோல்தான் வேண்டும்.

கிணற்றோடு கூடிய நல்ல நிலம். குதிரைக்குத் தீனி போட்டு வளர்க்கவும், நாயக்கர் கூப்பிட்டால் அதில் ஏறிச் சண்டைக்குப் போகவும் கொடுத்தது. அவன் தின்ற சோறெல்லாம் குதிரையின் தயவு.

பெண்டாட்டி அம்மை கண்டு போனபின், அவன் பேச்சுக்குக் காது கொடுத்தது அது ஒன்றுதான். திமிர் பிடித்த கழுதை என்று திட்டுவான். கொள்ளு வேகும் வாசனைக்கே கனைக்கும்.

மறுபடி கத்தியை எடுத்தான். முத்திரைமேல் கை வைத்தான்.

சூடு போட்ட அன்று அது துடித்த துடிப்பு. கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றவன் அவன்தான்.

இன்னொரு தடவையா?

மண்வெட்டியை எடுத்தான்.

யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. குழி வெட்டி, கயிறு கட்டி இழுத்து, மூடி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டில் கொள்ளு ஊறிக் கிடந்தது. அதைப் பார்த்தபிறகுதான் அழுதான்.

படையைக் கணக்கெடுக்கும் நாளில், ஈட்டியோடு காலாட்களின் வரிசையில் நின்றான்.

கணக்கர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"குதிரையும் இல்ல, தோலும் இல்ல. நிலம் போச்சு, தெரியுமில்ல?"

"அது குதிரைக்குக் குடுத்த நிலம் சாமி. அதுலதான் பொதச்சிருக்கேன். அதுகிட்டயே இருக்கட்டும்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கணக்கர் சிரிக்கவில்லை. அடுத்தவனைக் கூப்பிட்டார்.

மதியம் படை புறப்பட்டது. குதிரைகள் முன்னே போயின. புழுதியைத் தின்றுகொண்டு காலாட்கள் பின்னே நடந்தார்கள்.

வழியில் ஓடை குறுக்கிட்டது. மற்றவர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிக் கடந்தார்கள்.

அவன் மட்டும் கரையில் நின்றான்.

ஒரு குதிரை வயிறாரத் தண்ணீர் குடிக்கிற நேரம் நின்றான்.

பிறகு இறங்கினான்.