குழலுக்குள் ஒரு நூல்

ஆர்மரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கிக் குழலுக்குள் பார்த்தார்.

ஜன்னலுக்குக் குறுக்கே கறுப்பு நூல் ஒன்று கட்டியிருந்தது. குழல் நேராக இருந்தால், அந்த நூலின் நிழல் உள்ளே கோடு கிழித்ததுபோல ஓடும்.

இதில் ஓடவில்லை. பாதி தூரம் போய், வயிறு தொங்கி, மறுபடி மேலே ஏறியது.

வளைந்திருக்கிறது.

இதைச் சொல்லத்தான் மாவட்ட ஆயுதப்படையில் அவருக்குச் சம்பளம். இருபத்தாறு வருடமாக ஆர்மரர். பழுதான துப்பாக்கி எதுவானாலும் அவருடைய மேசைக்குத்தான் வரும். மனிதர்கள் பேசுவதைவிடத் துப்பாக்கிகள் பேசுவது தனக்கு நன்றாகப் புரிகிறது என்பார். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மேசைக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன் நின்றிருந்தான். மலை முகாமின் காவலன். நெட்டையான ஆள், இன்றைக்கு ஏனோ குட்டையாகத் தெரிந்தான்.

அவன் வந்த ஜீப் வெளியே வேப்பமரத்தடியில் நின்றது. அதில் இன்னொரு காவலன் உட்கார்ந்திருந்தான். இறங்கவில்லை.

துப்பாக்கி பழைய த்ரீ நாட் த்ரீ. உலோகத்தில் 1943 என்று பொறித்திருந்தது. பட்டாளத்தில் இருந்துவிட்டு போலீசுக்கு வந்தது. அந்த அறையில் இருந்தவர்களில் அதற்குத்தான் வயது அதிகம்.

கூடவே ஒரு தாள். ‘ரோந்தின்போது பாறையில் தவறி விழுந்தது.’

படித்தார். மறுபடி குழலைப் பார்த்தார்.

பாறையில் விழுந்தால் முனை அடிபடும். அங்கே குறி பார்க்கிற முள் நசுங்கும். இதில் ஒரு கீறல்கூட இல்லை. நடுவில் மட்டும் மெதுவான, சீரான வளைவு. மேலே போர்த்திய மரமும் அதே இடத்தில் விரிந்திருந்தது. ஏதோ ஒரு கனம் இதில் நெடுநேரம் தொங்கியிருக்கிறது.

பூசணிக்காய் முழுசாக இருந்தது. மறைக்கத்தான் சோறு போதவில்லை.

‘வளைவு’ என்று அவர் எழுதினால் விசாரணை வரும். அடுத்த மாதம் ஏட்டுப் பதவி உயர்வுக்குப் பட்டியல் போடுகிறார்கள். விசாரணையில் இருப்பவன் பெயர் அதில் வராது. இருவருக்கும் அது தெரியும்.

“யாரைப்பா தூக்கினீங்க?”

சென்னியப்பன் ஜன்னலைப் பார்த்தான். நூலைப் பார்த்தான்.

“மாதியைங்க அய்யா.”

பிறகு எல்லாம் தானாக வந்தது. மாதி, முகாமுக்குக் கீழே சோளகர் பழங்குடிக் குடியிருப்பில் இருப்பவள். நிறைமாதம். புருஷன் கரும்பு வெட்டப் போயிருந்தான். மழையில் பாதை அறுந்து வண்டி ஏறவில்லை. விடிந்ததும் வலி கண்டது. முகாம் காவலர்கள் தோட்டாவைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியில் கம்பளியைக் கட்டி ஸ்ட்ரெச்சர் ஆக்கினார்கள். குடியிருப்பு ஆட்களும் மாற்றி மாற்றித் தோள் கொடுக்க, ஏழு கிலோமீட்டர் இறங்கினார்கள். அத்தனை நேரமும் முகாமில் காவலுக்கு ஒருவரும் இல்லை.

கேட்கிற அதிகாரி நல்லவராக இருந்தால் பாராட்டுவார். இல்லாவிட்டால் மெமோ கொடுப்பார். எந்தச் சீட்டு விழும் என்று எடுத்துப் பார்க்கச் சென்னியப்பனுக்குத் தைரியம் இல்லை.

“சுத்தி மூங்கில் காடு. ரெண்டு மூங்கிலை வெட்ட வேண்டியதுதானே?”

சென்னியப்பன் விழித்தான். அதுவரைக்கும் அது அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை.

“பயிற்சியில துப்பாக்கியிலதானுங்க கட்டச் சொல்லிக் குடுத்தாங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை.

“குழந்தை?”

“பொட்டப்புள்ளைங்க. ரெண்டே முக்கால் கிலோ.”

கிலோவைச் சொல்லும்போது மட்டும் பழைய உயரத்துக்கு வந்தான்.

அவர் மரத்தைக் கழற்றினார். இரண்டு கட்டைகளின் மேல் குழலை வைத்தார். செப்புச் சுத்தியலை எடுத்தார்.

ஒரு தட்டு.

தூக்கி ஜன்னலைப் பார்த்து, நிழலைப் பார்த்தார்.

மறுபடி ஒரு தட்டு.

அவசரப்பட்டால் எதிர்ப்பக்கம் வளைந்துவிடும். உலோகத்துக்கும் ரோஷம் உண்டு. அவர் அவசரப்படவில்லை. இந்த வேலை அவருக்குப் பிடிக்கும். இன்றைக்குக் கூடுதலாகப் பிடித்தது.

ஒவ்வொரு தட்டுக்கும் சென்னியப்பன் கண்ணை மூடித் திறந்தான். உட்காரச் சொன்னதையும் கேட்கவில்லை. அவருடைய மதியச் சாப்பாடு டிபன் பாக்ஸிலேயே ஆறியது.

மூன்று மணிக்கு நிழல் நேரானது.

“நீயும் பாரு.”

பார்த்தான். ஒரு கோடு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. கடைசியில் வட்டமாகக் கொஞ்சம் வெளிச்சம். அதில் ஒரு வேப்பங்கிளை அசைந்தது. அவனுக்குக் கண் கலங்கியது. எண்ணெய் வாடை என்று சொல்லிக்கொண்டான்.

துடைத்து எண்ணெய் இட்டு, மரத்தை மறுபடி மாட்டி, பின்னால் இருந்த சுடுதளத்தில் ஐந்து ரவுண்டு சுட்டுப் பார்த்தார்கள். ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்தன.

பதிவேட்டில் எழுதினார். ‘துடைத்து எண்ணெய் இடப்பட்டது. சுட்டுச் சோதிக்கப்பட்டது. சரி.’

ஒரு வார்த்தை பொய் இல்லை. சுத்தியலுக்கென்று அந்தப் பக்கத்தில் கட்டம் இல்லை. அது அச்சடித்தவன் குற்றம்.

பாறையில் விழுந்த கதை எழுதிய தாளால் சுத்தியலின் எண்ணெயைத் துடைத்தார். கசக்கிக் கூடையில் போட்டார்.

சென்னியப்பன் விறைப்பாக சல்யூட் அடித்தான். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவு வரை போனான்.

அங்கேயே நின்றான். திரும்பவும் இல்லை, வெளியே போகவும் இல்லை.

அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

“ஸ்ட்ரெச்சருக்கு ரெண்டு வேணுமேப்பா. இன்னொன்னு எங்கே?”

சென்னியப்பன் ஜீப்பைப் பார்த்துத் தலையசைத்தான்.

காலையிலிருந்து உள்ளேயே இருந்த காவலன் இறங்கினான். எதையோ கம்பளியில் சுற்றி, இரண்டு கைகளிலும் ஏந்தியபடி, மெதுவாக நடந்து வந்தான்.

சுத்தியல் இன்னும் மேசை மேல்தான் இருந்தது.