ஒற்றை மஞ்சள் பொட்டு

மெக்கானிக் வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழுதுபார்க்கும் கையேடுகளெல்லாம் இனி அதில்தான்.

முன்சக்கர பிரேக் பக்கத்தைத் திறந்தார். படத்தில் இரண்டு போல்ட். ஒன்றில் மட்டும் மஞ்சள் பொட்டு.

முறுக்கி முடித்த போல்ட்டுக்கு மஞ்சள் பெயின்ட்டில் பொட்டு வைப்பது அவருடைய பழக்கம். போன மாதம் மச்சான் காரில் ஒன்றை முறுக்கியதும் போன் வந்தது. எழுந்து போனவர் மற்றதை மறந்தே போனார். பிரேக் பிடிக்காமல் மச்சான் மோதி இறந்தபோதும் அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

வேறு வண்டிகளின் கையேடுகளையும் திறந்து பார்த்தார். எல்லாவற்றிலும் அதே ஒற்றைப் பொட்டு.

“உங்க பொட்டு மாதிரியே இருக்கே,” என்று மனைவி எட்டிப் பார்த்தாள். “எங்கண்ணன் வண்டியில ரெண்டுக்கும் வச்சீங்கதானே?”

“வச்சேனே,” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். கம்ப்யூட்டரை அணைத்தார்.

திரை இருண்டது. பொட்டு மட்டும் அணையவில்லை.