கடைசியாக வெளியேறிய கைதி

மார்ச் 14, வெள்ளி. ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். நான் கைதியாக நடித்த சிறைச்சாலைச் சண்டைப் படம் இன்று வெளியானது. கதாநாயகன் பூட்டை உடைத்ததும் நாற்பது கைதிகள் தப்பி ஓடுகிறோம். கடைசியாக வந்த நான் திரும்பி நின்று கதவை மெதுவாகச் சாத்துகிறேன். மாலை நேரக் கணினி வகுப்பில் ஏசி வீணாகாமல் கடைசி ஆள்தான் கதவைச் சாத்த வேண்டும், அந்தப் பழக்கம். படப்பிடிப்பில் யாரும் கவனிக்கவில்லை. தியேட்டரில் பதினேழு பேர் இருந்தோம். படம் முழுவதிலும் அந்த ஓரிடத்தில்தான் கைதட்டினார்கள். பாராட்டா கேலியா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

"இந்தப் படத்துலயே பொறுப்பான ஆளு நீ ஒருத்தன்தாண்டா!" என்றான் வகுப்புத் தோழன் கலியன்.

வெளியே வந்ததும் உதவி இயக்குநர் போனில் அழைத்தார்.

"கதவச் சாத்துன தம்பி நீதானே? டைரக்டர் நாளைக்கு வரச் சொன்னாரு."

அடுத்த படத்தில் எனக்கு ஒரு வசனமாவது தருவதாக இயக்குநர் சொல்லியிருந்தார்.

"கோவமா இருக்காரா சார்?"

"சிரிச்சுக்கிட்டே இருக்காருப்பா. அதான் எங்களுக்குப் பயமா இருக்கு."

நாளைய வேலை: பத்து மணிக்கு இயக்குநர் அலுவலகம். உள்ளே போனதும் கதவைச் சாத்தலாமா என்று முதலில் கேட்க வேண்டும்.